கிளம்பும் நேரத்துக் கணக்கு: பெரிய மோட்டாருக்கு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர்

"ஏனுங்க, 200 எச்.பி. மோட்டாருக்கு 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் போதுமுங்களா?"

காங்கேயம் பக்கத்து எண்ணெய் ஆலைக்காரர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். ஓட்டத்துக்குத் தாராளமாகப் போதும். கிளம்புவதற்குப் போதுமா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். பெரும்பாலோர் அந்தக் கணக்கைப் போடாமலேயே ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள்.

ஓர் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையின் ஏலத்தில் 200 எச்.பி., 690 வோல்ட் மோட்டார் ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்தது. ஆலையில் இருந்ததோ 415 வோல்ட். இடையில் 415-ஐ 690 ஆக ஏற்றும் 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் செய்து வைத்தார்கள். காலையில் காலி எக்ஸ்பெல்லரோடு மோட்டார் அழகாகக் கிளம்பியது. இரண்டு மாதம் எந்தக் குறையும் இல்லை. ஒரு நாள் மாலை, கூண்டு நிறையக் கொப்பரை அரைபட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. ஸ்டார்ட்டரைப் போட்டார்கள், மோட்டார் உறுமியது, விளக்கெல்லாம் மங்கியது, தண்டு அரைச் சுற்றுகூடச் சுற்றவில்லை, ரிலே அறுத்துவிட்டது. மூன்று முறை இதே கதை. நான்காவது முறை வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். கூண்டைக் கழற்றி, ஆறிக் கல்லாய் இறுகிப்போன புண்ணாக்கை உளி வைத்துக் கொத்தி எடுக்க நள்ளிரவு ஆனது. மோட்டாரைத் தொட்டுப் பார்த்தால் கை வைக்க முடியாத சூடு.

அந்த மோட்டாரிலும் பழுதில்லை, டிரான்ஸ்ஃபார்மரிலும் பழுதில்லை. இரண்டுக்கும் நடுவில் போட வேண்டிய கணக்கு ஒன்று விட்டுப்போயிருந்தது. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

முதலில்: டிரான்ஸ்ஃபார்மர் தேவையா?

690 வோல்ட் என்ற எண்ணைப் பார்த்ததும் ஆர்டர் கொடுக்கப் போய்விடாதீர்கள். மோட்டாரின் பெயர்ப்பலகையைத் துணியால் துடைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள். "400 டெல்டா / 690 ஸ்டார்" என்று இருந்தால் அது நம்மூர் 415 வோல்ட்டிலேயே ஓடும் மோட்டார். டெர்மினல் பெட்டியைத் திறந்தால் ஆறு முனைகள் இருக்கும். ஸ்டாரில் ஒரு பக்கமாகப் போட்டிருக்கும் பித்தளைப் பட்டைகளைக் கழற்றி, மேலும் கீழுமாக மூன்று பட்டைகளாக டெல்டாவில் போட்டால் வேலை முடிந்தது. இதைக் கவனிக்காமல் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

பெயர்ப்பலகையில் 690 மட்டும் இருந்து, மூன்றே வயர் வெளியே வந்திருந்தாலும் ஒரு வழி உண்டு. உள்ளே ஸ்டார் கட்டியிருந்தால், நல்ல காயில் கட்டுபவர் அந்த ஸ்டார் முடிச்சைப் பிரித்து ஆறு முனைகளையும் வெளியே கொண்டுவந்து கொடுப்பார். பிறகு டெல்டாவில் 400 வோல்ட். கோயம்புத்தூரில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய கைகள் இருக்கின்றன. 1937-லேயே உள்நாட்டில் மோட்டார் செய்து காட்டிய ஊர் அது. பம்ப்பும் மோட்டாரும் அந்த ஊரின் இரத்தத்தில் ஊறியவை.

690 வோல்ட் டெல்டா என்று இருந்தால்தான் உண்மையான கேள்வி எழுகிறது. அப்போதுகூட 415-க்கு முழுதாக ரீவைண்டிங் செய்ய எவ்வளவு ஆகும் என்று விலை கேளுங்கள். காயில் பழசாகிப்போன மோட்டார் என்றால் ரீவைண்டிங்தான் என் ஓட்டு. காயில் நன்றாக இருந்து, மெக்கர் வைத்துப் பார்த்தால் இன்சுலேஷன் தெம்பாகக் காட்டினால், ஓடுகிற மோட்டாரின் வயிற்றைக் கிழிக்க வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போகலாம்.

ஸ்டெப்-அப் என்பது நம் பகுதிக்குப் புதிதும் அல்ல. காங்கேயத்திலிருந்து தாராபுரம், பூளவாடிப் பக்கம் போனால் ஒவ்வொரு காற்றாலையின் காலடியிலும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும். பெரிய காற்றாலைகள் பலவும் 690 வோல்ட்டில் மின்சாரம் எடுக்கின்றன. அதை 22 அல்லது 33 கிலோவோல்ட்டுக்கு ஏற்றித்தான் லைனில் விடுகிறார்கள். ஆனால் ஜெனரேட்டரோடு இணைந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு, ஆறு மடங்கு கரண்ட்டைத் திடீரென்று இழுக்கும் சுமை வராது. மோட்டாரோடு இணைந்ததற்கு ஒவ்வொரு முறையும் அது வரும்.

ஓட்டக் கணக்கு

இது எளிது, சீக்கிரம் முடித்துவிடுவோம். 200 எச்.பி. என்றால் ஏறக்குறைய 150 கிலோவாட். எஃபிஷியன்சி 95 சதவீதம், பவர் ஃபேக்டர் 0.87 என்று வைத்தால், 150-ஐ 0.95 ஆலும் 0.87 ஆலும் வகுக்க வேண்டும்: 181 கே.வி.ஏ. சொச்சம். 690 வோல்ட் பக்கம் 152 ஆம்பியர், 415 வோல்ட் பக்கம் 253 ஆம்பியர். ஒரு எச்.பி.க்கு ஒரு கே.வி.ஏ. என்று வயர்மேன்கள் வாயில் வரும் கணக்கும் இதற்கு நெருக்கமாகத்தான் இருக்கிறது. அடுத்த சைஸ் 200, அதற்கு அடுத்தது 250. வெயில் காலம், வோல்டேஜ் குறைவு, நாளைக்கு ஒரு ஸ்க்ரூ கன்வேயரைச் சேர்த்துக் கட்டும் ஆசை, எல்லாவற்றையும் நினைத்து 250 என்று எழுதுகிறோம். இதுவரை எல்லோரும் சரியாகவே வந்துவிடுகிறார்கள்.

கிளம்பும் கணக்கு

நேரடியாக ஸ்டார்ட் செய்தால் இந்த மோட்டார் முழுச் சுமைக் கரண்ட்டைப் போல ஆறரை மடங்கு இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 181.5-ஐ 6.5 ஆல் பெருக்கினால் 1180 கே.வி.ஏ. சில நொடிக்குத்தான். அந்தச் சில நொடியில் டிரான்ஸ்ஃபார்மரின் இம்பீடன்ஸ் தன் பங்கு வோல்டேஜை விழுங்கிவிடும். மிச்சம் இருப்பதுதான் மோட்டாருக்கு.

எவ்வளவு விழுங்கும்? டிரான்ஸ்ஃபார்மர் தட்டில் இம்பீடன்ஸ் சதவீதம் எழுதியிருக்கும். இந்த அளவுகளில் 4.5 என்பது வழக்கம். கே.வி.ஏ.யை 0.045 ஆல் வகுத்தால் அதன் ஷார்ட் சர்க்யூட் கே.வி.ஏ. கிடைக்கும். 250 கே.வி.ஏ.வுக்கு 5556. ஆலையின் வாசலில் நிற்கும் மெயின் டிரான்ஸ்ஃபார்மரையும் மறக்கக் கூடாது. கரண்ட் அதன் வழியாகத்தானே வருகிறது. அது 500 கே.வி.ஏ. என்றால் 11,111.

இப்போது ஒரு சாதாரணக் கால்குலேட்டரை எடுங்கள். 1180-ஐ 5556 ஆல் வகுத்தால் 0.212. 1180-ஐ 11,111 ஆல் வகுத்தால் 0.106. இரண்டையும் 1-ஓடு கூட்டினால் 1.318. 1-ஐ இதனால் வகுத்தால் 0.758. கிளம்பும் நொடியில் மோட்டாரின் முனையில் இருப்பது 76 சதவீத வோல்டேஜ்தான், அதாவது 690-க்கு 523.

இதோடு நின்றால் பெரிய விஷயமில்லை என்று தோன்றும். ஆனால் மோட்டாரின் இழுவை, டார்க் என்று சொல்கிறோமே, அது வோல்டேஜின் இருமடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவது. 0.758-ஐ அதனாலேயே பெருக்குங்கள்: 0.575. மோட்டாரின் ஸ்டார்ட்டிங் டார்க் முழுச் சுமை டார்க்கைப் போல 200 சதவீதம் என்று கம்பெனி கொடுத்திருந்தால், உங்கள் ஆலையில் கிடைப்பது 115 சதவீதம். கால்வாசி வோல்டேஜ் போனதற்குப் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இழுவை போய்விட்டது.

இந்த 115-ம் நிலையானதல்ல. மாலையில் சுற்றுவட்டார ஆலைகள் எல்லாம் ஓடி, பேனலில் 415 இருக்க வேண்டிய இடத்தில் 390 நின்றால், 115 என்பது 102 ஆகிவிடும். முதலில் சொன்ன ஆலையில் காலையில் கிளம்பிய மோட்டார் மாலையில் முரண்டுபிடித்த காரணம் இதுதான். காலி எக்ஸ்பெல்லரைச் சுற்ற முழுச் சுமையில் பாதி இழுவைகூட வேண்டியதில்லை. கூண்டுக்குள் புண்ணாக்கு இறுகிவிட்டால் 100 சதவீதத்துக்கு மேலே எவ்வளவு கேட்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

கேபிளிலும் கொஞ்சம் வோல்டேஜ் விழும். மோட்டார் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இருந்தால் விட்டுவிடலாம். 100 மீட்டருக்கு மேல் போனால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதே வழியில் மற்ற சைஸ்களைப் போட்டுப் பார்ப்போம். 315 வைத்தால் வோல்டேஜ் 78 சதவீதம், இழுவை 123. 400 வைத்தால் வோல்டேஜ் 81 சதவீதம், இழுவை 130. கவனியுங்கள்: 250-லிருந்து 400-க்குப் போக ஆகும் செலவுக்குக் கிடைத்தது 15 சதவீத இழுவை. மெயின் டிரான்ஸ்ஃபார்மர் அதே 500-ஆக இருக்கும் வரை, ஸ்டெப்-அப்பை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போவதில் பலன் குறைந்துகொண்டே வரும். அதோடு ஸ்டெப்-அப் பெரிதாகும்போது மோட்டார் இன்னும் தாராளமாகக் கரண்ட் இழுக்கும். மெயின் பேனலில் மற்ற மோட்டார்களுக்கு விழும் வோல்டேஜ் 8 சதவீதத்திலிருந்து எட்டரைக்குப் போகும். பக்கத்து ஷெட்டில் நெல் உலர்த்தும் புளோயர் ஓடிக்கொண்டிருந்தால் அதன் கான்டாக்டர் படபடக்கலாம்.

ஸ்டார்ட்டர் மாற்றினால் தீராதா?

தீராது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எது கிளம்ப வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஸ்டார்-டெல்டா போட்டால் இழுக்கும் கரண்ட் மூன்றில் ஒன்று. வோல்டேஜும் 90 சதவீதம் நிற்கும். ஆனால் இழுவையும் மூன்றில் ஒன்றாகி, வோல்டேஜ் குறைவும் சேர்ந்து 55 சதவீதத்துக்கு வந்துவிடும். சாஃப்ட் ஸ்டார்ட்டரை மூன்றரை மடங்கில் நிறுத்தினாலும் 58-தான். புளோயருக்கும் சென்ட்ரிஃபியூகல் பம்ப்புக்கும் இது போதும். அவற்றுக்கு 250 கே.வி.ஏ. தாராளம், 200-கூட யோசிக்கலாம். எக்ஸ்பெல்லருக்கும் கல் உடைக்கும் கிரஷருக்கும் காலியாக இருந்தால் மட்டுமே.

நம் பகுதியின் பழைய அரிசி ஆலைகளிலும் கிரஷர்களிலும் ஸ்லிப் ரிங் மோட்டாரை ஏன் அப்படிக் கொண்டாடினார்கள் என்பது இங்கேதான் விளங்கும். ரோட்டரில் ரெசிஸ்டன்ஸைச் சேர்த்துக்கொண்டு கிளம்பும்போது, இரண்டு மடங்கு கரண்ட்டிலேயே முழு இழுவைக்கு மேல் கொடுத்துவிடும் அது. கார்பன் பிரஷ் மாற்ற வேண்டும், ரிங்கைச் சுத்தமாக வைக்க வேண்டும்; பராமரிப்பு வேலை உண்டுதான். ஆனாலும் ஏலத்தில் நீங்கள் பார்க்கும் 690 வோல்ட் மோட்டார் ஸ்லிப் ரிங்காக இருந்தால், அதன் ரெசிஸ்டன்ஸ் பெட்டியையும் விடாமல் கேட்டு வாங்குங்கள். 250 கே.வி.ஏ.விலேயே நிம்மதியாக இருக்கலாம்.

வி.எஃப்.டி. போடுவதானால் ஒரு எச்சரிக்கை. 690 வோல்ட் டிரைவ் விலை அதிகம் என்று 415 வோல்ட் டிரைவை வாங்கி, அதன் வெளியீட்டில் இந்த டிரான்ஸ்ஃபார்மரை மாட்டிவிடக் கூடாது. எண்ணெய்க் கிணறுகளில், ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் இருக்கும் மோட்டாருக்கு டிரைவுக்குப் பின்னால் ஸ்டெப்-அப் வைத்துத்தான் ஓட்டுகிறார்கள் என்பது உண்மை. அவை அதற்கென்றே செய்தவை. குறைந்த ஃப்ரீக்வென்சியில் கோர் நிறைந்துவிடாமல் இருக்க இரும்பு கூடுதலாக வேண்டும். டிரைவின் ஹார்மோனிக் சூட்டைத் தாங்க வேண்டும். நடுவில் சைன் ஃபில்டரும் வேண்டும். செய்து கொடுப்பவரிடம் இதை எழுத்தில் சொல்லாமல் வாங்கிய சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கும்.

இரண்டு மாற்று வழிகள்

முதலாவது, ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். 415-லிருந்து 690-க்கு ஏற்ற வேண்டியது இடைப்பட்ட 275 வோல்ட்டைத்தான். மீதி நேராகவே போகிறது. அதனால் 250 கே.வி.ஏ. ஓட்டத்துக்குச் சாதாரண டிரான்ஸ்ஃபார்மரின் 100 கே.வி.ஏ. அளவு இரும்பும் செம்பும் போதும். இம்பீடன்ஸும் அதே அளவில் குறைந்து, 4.5 என்பது ஓட்ட அளவில் 1.8 ஆக வரும். நம் கணக்கில் போட்டால் வோல்டேஜ் 84 சதவீதம், இழுவை 141. 400 கே.வி.ஏ. இரட்டைக் காயிலைவிடக் கூடுதல்! விலையும் குறைவு, இடமும் குறைவு.

அப்படியானால் எல்லோரும் அதையே வாங்கலாமே என்றால், இரண்டு பக்கத்துக்கும் காயில் ஒன்றே என்பதை நினைவில் வையுங்கள். 415 பக்கமும் 690 பக்கமும் மின்சாரத்தால் பிரிக்கப்படவில்லை. நியூட்ரல் அறுந்தால் 415 பக்கத்துக் கருவிகளுக்கு ஏறுமாறான வோல்டேஜ் போகும். ஷார்ட் ஆனால் பாயும் கரண்டும் அதிகம். எர்த்திங் சுத்தமாக இருந்து, பிரேக்கர்களின் அறுக்கும் திறனைச் சரிபார்க்க ஆள் இருக்கும் ஆலைக்கு நான் இதைத் துணிந்து சொல்வேன். நியூட்ரலைக் கண்ட இடத்தில் முறுக்கி வைத்திருக்கும் ஆலைக்குச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, எச்.டி. சர்வீஸ் வைத்திருப்பவர்களுக்கு. 22 கிலோவோல்ட்டை 433-க்கு இறக்கி, மறுபடி 690-க்கு ஏற்றுவது சுற்றுவழி. 22 கிலோவோல்ட்டிலிருந்து நேராக 690-க்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மரைத் தனியாக வைத்துவிட்டால் மெயின் பேனலுக்கும் இந்த மோட்டாருக்கும் தொடர்பே இல்லை. கழற்றிய காற்றாலைகளின் டிரான்ஸ்ஃபார்மர்கள் நம் பக்கம் விற்பனைக்கு வருவதால் இந்த வழிக்கு இங்கே தனி வாய்ப்பு இருக்கிறது. 5 சதவீத இம்பீடன்ஸில் 800 கே.வி.ஏ. ஒன்று கிடைத்தால் வோல்டேஜ் 93 சதவீதம், இழுவை 173. ஈ.பி. லைனின் தளர்வைக் கழித்துக்கொண்டாலும் இறுகிய புண்ணாக்கை உடைத்துக்கொண்டு சுற்றும். வாங்கும் முன் ஆயில் டெஸ்ட், மெக்கர், ரேஷியோ மூன்றையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். எச்.டி. பிரேக்கர் வேண்டும், யார்டில் இடம் வேண்டும், மின் ஆய்வாளரின் அனுமதி கையில் வந்த பிறகே சார்ஜ் செய்ய வேண்டும். 3.3 கிலோவோல்ட் மோட்டார் என்றால் நான் இந்த வழியைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை.

ஆர்டரில் எழுத வேண்டியவை

முதன்மைக் காயில் டெல்டா, 690 பக்கம் ஸ்டார், நியூட்ரல் வெளியே வர வேண்டும், ஒய்.என்.டி. 11 என்று எழுதினால் புரிந்துகொள்வார்கள். அந்த நியூட்ரலை எர்த் செய்தால்தான் 690 பக்கத்தில் ஒரு ஃபேஸ் பாடியில் தட்டினால் ரிலே உணரும். ஸ்டெப்-டவுன் ஒன்றைத் திருப்பிப் போட்டு ஸ்டெப்-அப்பாக ஓட்டுபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. திருப்பிப் போட்டால் டெல்டா பக்கம் வெளியீடாகிவிடும்; எர்த் செய்ய நியூட்ரலே இருக்காது. ஒரு ஃபேஸ் தரையைத் தொட்டுக்கொண்டு நாள் கணக்கில் ஓடும், யாருக்கும் தெரியாது. அடுத்த ஃபேஸும் தொடும்போதுதான் வெடிக்கும். கோருக்கு அருகில் இருக்கும் காயிலுக்கு மின்சாரம் கொடுப்பதால் சுவிட்ச் போடும் நொடியில் பாயும் கரண்டும் அதிகமாகி, பிரேக்கர் காரணமில்லாமல் விழும்.

டேப், இரண்டரை இரண்டரையாக மேலும் கீழும் 5 சதவீதம் கேளுங்கள். அதை எதில் வைப்பது என்று முடிவுசெய்ய, ஒரு வாரம் பேனலில் காலை, மதியம், இரவு என வோல்டேஜைக் குறித்துவையுங்கள். மெயின் டிரான்ஸ்ஃபார்மர் சுமை இல்லாதபோது 433 கொடுக்கும். 415-க்குச் செய்த ஸ்டெப்-அப்பில் அது 720 ஆக வெளியே வரும். இரவு ஆலை ஓய்ந்திருக்கும்போது அந்த 720-ஐப் பார்த்துப் பயந்து டேப்பை இறக்கிவிட்டால், மாலை நேரத்தில் கிளம்புவதற்கு இருந்த சிறு கையிருப்பும் போய்விடும்.

கேபிளுக்கு வழக்கமான 1.1 கிலோவோல்ட் கிரேடே போதும். பிரேக்கரும் கான்டாக்டரும் 690-ல் எவ்வளவு அறுக்கும் என்று தனியாகப் பாருங்கள். 415-ல் எழுதியிருக்கும் எண் 690-ல் செல்லாது, கணிசமாகக் குறையும். கெபாசிட்டர் பேனல் 415 பக்கத்திலேயே இருக்கட்டும். கையில் இருக்கும் 440 வோல்ட் கெபாசிட்டரை 690-ல் போட்டால் வெடிக்கும்.

எங்கே வைப்பது என்பதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. கொப்பரை ஆலைக்குள் டிரை டைப் வேண்டாம். எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து காயிலின் மேல் பிசின் மாதிரி படியும். அரிசி ஆலையில் உமித்தூசி. ஆயில் டிரான்ஸ்ஃபார்மரை வெளியே, காற்றோட்டமான நிழலில், கீழே ஜல்லி நிரப்பிய குழியோடு வைத்துவிடுங்கள். கொப்பரை உலர்த்தும் களத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். ஆட்கள் கோலோடு நடமாடும் இடம்.

ஆலை ஓடாத நாளில் முதன்மைப் பக்க பிரேக்கரை அணைத்துவிடுங்கள். சும்மா நின்றாலும் டிரான்ஸ்ஃபார்மர் மின்சாரம் தின்னும். அரை கிலோவாட் என்றே வைத்தாலும் ஆண்டு முழுக்க 4,380 யூனிட்.

முதலில் சொன்ன அந்த ஆலையில், வாங்கிய 250-ஐ மாற்றவில்லை. அது விழுங்கும் வோல்டேஜை ஈடுகட்ட டேப்பை ஒரு படி ஏற்றினோம். கரண்ட் போனதும் எக்ஸ்பெல்லர் சுழன்று நிற்பதற்குள் வாய்ப்பக்கத்தைத் தளர்த்திவிட ஓர் ஆளை நிறுத்தினோம். மூன்று முறைக்கு மேல் ஸ்டார்ட் செய்ய முடியாதபடி ரிலேயில் பூட்டுப் போட்டோம். மோட்டார் கழுத்தில் பெயின்ட்டால் "தண்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்த பிறகே ஸ்டார்ட்" என்று எழுதிவைத்தார் ஆலைக்காரர். அடுத்த எக்ஸ்பெல்லருக்கு அவர் மோட்டார் பார்க்கப் போனபோது, ஏலக்காரரிடம் முதலில் கேட்டது மோட்டாரின் ஸ்டார்ட்டிங் கரண்ட் எத்தனை மடங்கு என்பதை.